சமைத்தார்கள், உண்டவர் யார்?

உணவு உடலைத் தாங்குவதற்காக. உடல் அறத்தைத் தாங்குவதற்காக. உணவைப் பற்றி நம் பெரியோர் நமக்கு வைத்துச் சென்ற கருத்தின் சுருக்கம் இதுவே எனலாம். ஆகவேதான் எதனை உண்பது, எப்பொழுது உண்பது, எவ்வாறு ஆக்குவது, யாருக்கு இட்டபின் உண்பது என்றெல்லாம் நம் அறநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நீரை வடித்துப் பருகுவதும், ஞாயிறு மறையுமுன் உண்டு முடிப்பதும், பருவ நாட்களில் கிழங்கு வகைகளை விலக்குவதும் நம் இல்லத்துக் குழந்தைகள் நடைபழகும் வயதிலேயே கண்டு பழகும் ஒழுக்கங்கள். ஆனால் பிறர் சமைப்பதை வேடிக்கையாகப் பார்த்திருப்பது தகுமா, தகாதா என்னும் கேள்வி அக்காலத்தில் எழவில்லை. எழுவதற்கு இடமும் இல்லை. இன்று அது எழுந்திருக்கிறது. அக்கேள்வியை நம் உள்ளத்தில் எழுப்பியவர் படித்த அறிஞர் ஒருவரல்லர். எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியார். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே சொல்லிவிட்டுப் பின்னர் ஆராய்வோம்.

மாரியூர்க் கடற்கரையில்

சென்ற ஆண்டு சித்திரைத் திங்களில் நான்கு நாட்கள் மாரியூரில் தங்கும் வாய்ப்பு நேர்ந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடியை அடுத்து மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த சிற்றூர் அது. பூவேந்தியநாதர் திருக்கோயிலும், அதன் அருகே விரிந்த கடலும், கண்ணுக்கெட்டும் தொலைவு வரை பனைமரங்களும் அவ்வூரின் அடையாளங்கள். நம்மவர் குடும்பங்களை அப்பகுதியில் காண்பது அரிது. அரசுப் பணியின் பொருட்டு அங்கே குடியிருக்கும் உறவினர் ஒருவர் இல்லத்தில் நாம் தங்கியிருந்தோம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மகனோடு வந்து வாழும் அவருடைய தாயாரும் உடனிருந்தார். பேரப்பிள்ளைகள் அவரை ஆயா என்று அழைப்பர்.

ஒரு நாள் காலையில் பனங்காட்டுப் பக்கம் நடந்து சென்றபோது, ஓலைக் குடிசை ஒன்றில் முதிய பெண்மணி ஒருவர் பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தடவிய கலயங்களில் இறங்கிய பதனீரைத் துணியில் வடித்து, துணியில் தங்கிய ஈ எறும்புகளை வெளியே ஓலை மேல் உதறிவிட்டு, அகன்ற கொப்பரையில் ஊற்றி, காய்ந்த பனை மட்டைகளால் தீ மூட்டியிருந்தார். ஆறேழு வயதுப் பேத்தி அருகில் குந்தியிருந்தாள். பாகு இறுகத் தொடங்கியதும் பாட்டி ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுவார். குழந்தை அதனை விரலால் உருட்டிப் பார்த்து, "இன்னும் இல்லை" என்பாள். மூன்றாம் முறை அது உருண்டு நின்றது. உடனே கொப்பரையை இறக்கி, வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் பாகினை ஊற்றினார்கள். குழந்தைக்கு எவரும் பாடம் சொல்லவில்லை. எனினும் பாடம் நடந்தது.

இரண்டாம் கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கையில் இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிள்களில் வந்திறங்கினர். கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கினர். அவர்கள் தீயவர்கள் அல்லர், அன்பாகவே பேசினர். "பாட்டி, கிண்டுறதை நிறுத்திட்டு ஒரு தடவை இங்கே பார்த்துச் சிரிங்க" என்றார் ஒருவர். "கையை எடுத்தா அடிப்பிடிச்சுப் போகும்யா" என்று தலை நிமிராமலே அவர் விடை கூறினார். அச்சொல் நம்மைச் சுட்டது. ஏனெனில் அந்நேரம் நம் கையிலும் கைப்பேசி இருந்தது.

அன்றிரவு உறவினர் இல்லத்தில் எல்லாரும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். சமையற்போட்டி நிகழ்ச்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அடுப்புகள் பல எரிந்தன. பாத்திரங்கள் உருண்டன, மாவு முகத்தில் பூசப்பட்டது, ஒருவர் ஓட, மற்றவர் துரத்தினார். பெரியவர்களும் சிறியவர்களும் வயிறு குலுங்கச் சிரித்தோம். நிகழ்ச்சி முடிந்ததும் அதுவரை ஓரமாக அமர்ந்திருந்த மூதாட்டியார் மெல்லக் கேட்டார்: "இவ்வளவும் சமைச்சாங்களே, யார் சாப்பிட்டாங்க?"

எவரும் விடை கூறவில்லை. சற்றுப் பொறுத்து மற்றொன்றும் கேட்டார்: "என்ன பக்குவம் சொன்னாங்க?" ஒன்றரை மணி நேரம் பார்த்திருந்த எட்டுப் பேரில் ஒருவராலும் ஒரு பண்டத்தின் செய்முறையைச் சொல்ல இயலவில்லை.

குறிப்பேடு சொல்லும் வரலாறு

மறுநாள் அவர் தம் பெட்டியிலிருந்து பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். தொலைக்காட்சி புதிதாக வந்த நாளில் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சமையல் நிகழ்ச்சிகளைக் கண்டு பென்சிலால் எழுதியவை அதில் இருந்தன. பல இடங்களில் 'வெங்காயம்' என்னும் சொல் அடிக்கப்பட்டு, 'பெருங்காயம்' என்று மேலே திருத்தப்பட்டிருந்தது. 'சதுர்த்தசிக்கு ஆகும்', 'நோன்பு முடிந்தபின் செய்யலாம்' என்று ஓரத்தில் குறிப்புகள் காணப்பட்டன. கண்டதை அப்படியே ஏற்காமல், தம் இல்லத்து ஒழுக்கத்துக்கு இசையுமாறு மாற்றி எழுதிய அவ்வேடு, அக்காலத்துப் பார்வையாளர் எத்தகையவர் என்பதற்குச் சான்று. அவர் பார்த்துவிட்டு எழுந்து செய்தவர்.

அக்காலத்தை எண்ணிப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டில் மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். பெயரே ஓர் ஏவல். படித்துப் பார் என்றோ, கண்டு மகிழ் என்றோ அது சொல்லவில்லை. 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நூலின் வழியிலேயே தொடக்ககாலச் சமையல் நிகழ்ச்சிகளும் சென்றன. அளவு சொல்வார்கள், ஆக்கிக் காட்டுவார்கள், பதம் விளக்குவார்கள், முடிந்துவிடும். பின்னாளில் மல்லிகா பத்ரிநாத், ரேவதி சண்முகம், தாமு முதலியோர் சமையற்கலையைத் தமிழ் இல்லங்களுக்குக் கற்பித்துப் பெயர் பெற்றது இம்முறையினால்தான்.

பிற நாட்டிலும் தொடக்கம் இவ்வாறே அமைந்தது. அமெரிக்காவில் போஸ்டன் நகரத்துக் கல்வித் தொலைக்காட்சியில் 1963ஆம் ஆண்டு ஜூலியா சைல்டு என்னும் அம்மையார் பிரெஞ்சுச் சமையலைக் கற்பிக்கத் தொடங்கினார். ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போடும்போது அது சிதறி அடுப்பின் மேல் விழுந்தது. அவர் அதனைத் திரட்டி மீண்டும் சட்டியில் சேர்த்துவிட்டு, கலங்காமல் பாடத்தைத் தொடர்ந்தார். அவருடைய தவறும் மாணவர்க்கு ஒரு பாடமாயிற்று என்பதை நினைவில் வைப்போம்.

1993ஆம் ஆண்டினை ஒரு திருப்பமாகக் கொள்ளலாம். அவ்வாண்டில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. இந்தியில் சஞ்சீவ் கபூர் 'கானா கஜானா' நிகழ்ச்சி வாயிலாக நாடெங்கும் சமையல் கற்பிக்கலானார். அதே ஆண்டில் அமெரிக்காவில் உணவுக்கென்றே தனி அலைவரிசை ஒன்று எழுந்தது. ஜப்பானில் 'அயன் செஃப்' என்னும் நிகழ்ச்சி, சமையற்கூடத்தை மற்போர்க் களம் போல் ஆக்கி, சமையற்காரர் இருவரை மோதவிட்டது. ஒருபால் பள்ளி, ஒருபால் களம். நாளடைவில் களமே வென்றது. பிரிட்டனில் 1990இல் தோன்றிய 'மாஸ்டர் செஃப்' போட்டி 2005இல் புது வடிவம் பெற்றது. அது 2009இல் ஆஸ்திரேலியாவிலும் 2010இல் இந்தியாவிலும் காலூன்றியது. 2021இல் தமிழிலும் வந்தது. 2015இல் அதன் இந்தியப் பதிப்பு ஒரு பருவம் முழுவதையும் சைவ உணவுக்கே ஒதுக்கியது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில் இம்மாற்றத்தின் உச்சம் 2019 நவம்பரில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'. சமைக்கத் தெரிந்தவர் ஒருவரோடு சமைக்கத் தெரியாத நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் இணைக்கப்படுவார். அவர் செய்யும் குளறுபடியே நிகழ்ச்சியின் உயிர். அதன் தொடக்கப் பருவங்களில் நடுவர்களாக அமர்ந்த தாமு, வெங்கடேஷ் பட் ஆகிய இருவரும் அதற்கு முன்னர்த் தொலைக்காட்சியில் பொறுமையாகச் சமையல் கற்பித்த ஆசிரியர்கள் என்பதை நோக்கின் மாற்றம் எத்தகையது என்பது விளங்கும். அதே ஆசிரியர், அதே அடுப்பு. வகுப்பு மட்டும் கலைந்துவிட்டது. ஜூலியா சைல்டின் தவறு பாடத்தின் இடையே நேர்ந்தது. இங்கோ தவறுக்காகவே பாடம் நடத்தப்படுகிறது.

மாறியது ஏன்?

இதற்கு எவரையும் குறை கூறிப் பயனில்லை, காரணங்கள் தெளிவானவை. கற்பித்தலுக்கு ஒரு முடிவு உண்டு. சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டவர் மறுமுறை அதனைக் காண அமரமாட்டார். சிரிப்புக்கும் போட்டிக்கும் முடிவில்லை. இன்று வென்றவர் யார் என அறிந்தவர், அடுத்த வாரம் வெளியேறுபவர் யார் என அறியவும் அமர்வார். விளம்பரத்தால் வாழும் நிறுவனத்துக்கு எழுந்து செல்லும் மாணவரைவிட அமர்ந்தே இருக்கும் பார்வையாளரே வேண்டப்படுபவர். மேலும், செய்முறையை அறிய விரும்புவோர்க்கு இன்று கைப்பேசியே போதும். வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில் நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். எனவே தொலைக்காட்சியிடம் எஞ்சி நின்றது கேளிக்கையே.

கைப்பேசியிலும் கேளிக்கை குறைவன்று. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு முதியவரும் அவர்தம் குடும்பத்து இளைஞர்களும் 2018இல் தொடங்கிய யூடியூப் சமையல் தளத்தை 2021ஆம் ஆண்டளவில் 1 கோடிப் பேர் பின்தொடர்ந்தனர். திறந்த வெளியில் பெரும் பாத்திரங்களில் சமைத்துப் பலர்க்கும் இடுகின்ற அவர்களுடைய ஈகை பாராட்டத்தக்கது. 'யார் சாப்பிட்டாங்க?' என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடை உண்டு. ஆயினும் அத்துணை அளவில் சமைக்கும் செய்முறையை அக்கோடிப் பேரில் எத்தனை பேர் தம் வீட்டில் செய்ய இயலும்? பார்ப்பதன் பயன் பார்ப்பதோடே நின்றுவிடுகிறது. உயிர்கள் மிகுதியாக மாய்க்கப்படும் காட்சிகளும் அத்தகைய தளங்களில் இடம்பெறுகின்றன. அதனை நம் குழந்தைகள் விருந்துக் காட்சியாகவே கண்டு வளர்கிறார்கள்.

மறுதரப்பு நியாயமும் உண்டு

ஒருபக்கம் மட்டும் பேசுதல் அநேகாந்தத்தைப் போற்றும் நமக்கு அழகாகாது. கொரோனா பெருந்தொற்றினால் இல்லங்களில் அடைபட்டு, உற்றாரை இழந்து வாடிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் இத்தகைய நிகழ்ச்சிகள் பல குடும்பங்களுக்குச் சிரிப்பைத் திருப்பித் தந்தன. அடுப்பங்கரை பெண்டிர்க்கே உரியது என்னும் எண்ணத்தை, ஆடவர் பலர் திரையில் கரண்டி பிடித்த காட்சி ஓரளவு தளர்த்தியதும் உண்மை. பழைய நிகழ்ச்சிகள் எல்லாம் தூயவை என்றும் கூற முடியாது. எளிய குடும்பத்தில் கிடைக்காத பொருள்களை அடுக்கிவைத்து, நம் ஆக்கை உணவு தாழ்ந்தது என்று எண்ணச் செய்தவையும் அவற்றுள் உண்டு.

மேலும், சமைத்தலைக் கலைப்பொருளாகக் காட்டுவது புதியதன்று. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்திலே கண்ணகி சமைக்கும் காட்சியைத் தீட்டியிருக்கிறார். கவுந்தியடிகளால் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்ட கண்ணகி, சாவக நோன்பியாகிய கோவலனுக்குப் பகற்பொழுதில் உணவாக்குகிறாள். காய் அரிந்து அவள் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையால் கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்ட உதவுகிறாள். வாழை இலை விரித்து, கணவனுக்கு அவள் இடுவதுதான் அவன் இறுதியாக உண்ட உணவு என்பதை நாம் அறிவோம். நூற்றாண்டுகளாகத் தமிழர் அக்காட்சியைப் 'பார்த்து' வருகின்றனர். அதனால் உள்ளம் கனிந்திருக்கிறதேயன்றிக் கெட்டதில்லை. ஏன்? அக்காட்சியில் உழைப்பு மதிக்கப்படுகிறது, உணவு ஒருவர்க்காக ஆக்கப்படுகிறது, ஆக்கியது உண்ணப்படுகிறது. ஆக, குற்றம் பார்ப்பதிலோ சிரிப்பதிலோ இல்லை. எதற்கு நாம் உடன்படுகிறோம் என்பதிலேயே அது தங்கியிருக்கிறது.

உடன்பாடு என்னும் வினை

இவ்விடத்தில் நம் சமயம் உலகுக்கு அளித்த நுட்பமான கருத்தொன்று துணைநிற்கிறது. உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், வினை உயிரை வந்தடையும் வாயில்களைக் கணக்கிடுகிறது. எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என நிலை மூன்று. மனம், மொழி, மெய் என வழி மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என முறை மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் எனக் கசாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்க 108 ஆகும். 'நான் செய்யவில்லை, பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்' என்று கூறித் தப்புவதற்கு இக்கணக்கில் இடமில்லை. மூன்றில் ஒரு பங்கு உடன்பாட்டினுடையது.

இக்கருத்தைத் தொலைக்காட்சி முன் வைத்துப் பார்ப்போம். ஒரு படி மாவு தரையில் கொட்டப்படுகிறது. நாம் கொட்டவில்லை, கொட்டுமாறு சொல்லவும் இல்லை. ஆனால் கொட்டியபோது சிரித்தோம். அச்சிரிப்பை எண்ணித்தான் அது கொட்டப்பட்டது. அடுத்த வாரமும் கொட்டப்படும். ஒருவர் ஆக்கியது சரியில்லை என்று பலர் முன்னிலையில் அவர் நாணித் தலைகுனிகிறார். நாம் இகழவில்லை. ஆனால் அவர் கண்ணீரை அண்மைக் காட்சியில் காண்பதற்காக அமர்ந்திருந்தோம். செயல் அங்கே, உடன்பாடு இங்கே. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு வினையைத் தடுக்கும் சுவராகாது.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். அதாவது பயனின்றிச் செய்யும் தீங்கிலிருந்து விலகுதல். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐவகையாகப் பகுத்துரைக்கிறார். அந்நூலின் வழியில் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் ஓதப்படுவது. தீய உபதேசம், கொலைக்கருவி கொடுத்தல், தீய எண்ணம், உள்ளத்தைக் கலக்குவனவற்றைக் கேட்டல், கவனமின்றி நீர், நெருப்பு, காற்று, மண், செடிகொடி முதலியவற்றுக்கு ஊறு செய்தல் என்பன அவ்வைந்து. இவற்றுள் இறுதி இரண்டும் நம் பொருளுக்கு நேரே பொருந்துவன. இல்லறத்தார் சமைக்கும்போது நெருப்பிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் வருந்துவதை முற்றிலும் தவிர்க்க இயலாது. உயிர் வாழ வேண்டும், விருந்தினர்க்கு இட வேண்டும் என்னும் தேவையினால் அது பொறுத்துக்கொள்ளப்படுகிறது. அத்தேவை நீங்கிவிட்டால்? உண்பவர் இல்லாத உணவுக்காக எரியும் அடுப்பு அநர்த்தம், அதாவது பயனற்றது. மூதாட்டியார் கேட்ட கேள்வி இந்நூற்பொருளையே தொட்டது. அவர் நூலின் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவே.

படப்பிடிப்பின்பின் மீந்த உணவை நிலையத்தார் பகிர்ந்து உண்ணுகிறார்கள் என்று சிலர் கூறலாம். அவ்வாறாயின் மகிழ்ச்சியே. ஆனால் நம் வீட்டுக் கணக்கை நாம் மறக்கலாகாது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீணானது இல்லங்களில். இதற்குத் தொலைக்காட்சியைக் காரணமாக்குவது பொருந்தாது. ஆயினும் உணவு சிந்துவதைக் கண்டு சிரித்துப் பழகிய கண், தன் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கண்டு வருந்துமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணால் உண்ணுதல்

நமக்கென்று தனியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றிரவு அவ்வீட்டில் எல்லாரும் ஞாயிறு மறையுமுன்னரே உண்டு முடித்திருந்தோம். பின்னர் இரவு 11 மணி வரை பிறர் சமைப்பதையும் சுவைப்பதையும் கண்டுகொண்டிருந்தோம். வாயால் இரவில் உண்பதை விட்டோம். கண்ணால் இரவெல்லாம் உண்டோம். இரவு உண்ணாமையின் நோக்கம் உயிர்களைக் காப்பது. அதனோடு நாவின் ஆசைக்கு ஒரு கரை கட்டுவதும் ஆகும். புறத்தவம் ஆறனுள் சுவை துறத்தல் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதும் அதனாலன்றோ? கரையைக் கட்டிவிட்டு மதகைத் திறந்துவைப்பது போல நம் ஒழுக்கம் ஆகிவிடலாகாது.

கற்பதற்காகப் பார்ப்பவர் இவ்வாறு கண்ணால் உண்பதில்லை. அவருடைய உள்ளம் அளவிலும் பதத்திலும் நிற்கிறது. தன் வீட்டில் உள்ள பொருள், தன் வீட்டார்க்கு ஆகாத பொருள், நாளைய நாள் என்ன திதி என்றெல்லாம் கணக்கிடுகிறது. அடிக்கப்பட்ட 'வெங்காயம்' என்னும் அச்சொல் அத்தகைய உள்ளத்தின் சுவடு. கேளிக்கைக்காகப் பார்க்கும்போது நாம் எதையும் திருத்தி எழுதுவதில்லை, எல்லாவற்றுக்கும் தலையசைக்கிறோம். மாரியூர்ப் பெண்மணி கூறியதும் இதுவே. பாகு இறுகும் நேரம் பாகினுடையது. பார்ப்பவருடைய வசதிக்காக அது காத்திராது. செயலுக்கு முன் தன்னை ஒடுக்கிக்கொள்பவர் கற்கிறார். தன் மகிழ்ச்சிக்காகச் செயலை நிறுத்தச் சொல்பவர் வேடிக்கை பார்க்கிறார்.

நாம் செய்யத்தக்கது

தொலைக்காட்சியை உடைத்தெறிய வேண்டுமென்று நாம் கூறவில்லை. குழந்தைகளோடு சேர்ந்து சிரிப்பதைப் பாவமென்றும் கூறவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் நம் இல்லங்களில் வழக்கமாக்கிக்கொள்ளலாம் என எண்ணுகிறோம். இக்காட்சியில் ஆக்கப்பட்டதை உண்டவர் யார்? இதில் சிரிப்புக்கு இலக்கானது சூழ்நிலையா, ஒரு மனிதரின் நாணமா, சிந்திய உணவா? பார்த்தபின் நாம் எழுந்து செய்யப்போவது என்ன? மூன்றுக்கும் விடையில்லாத நிகழ்ச்சியைக் குறைத்துக்கொள்வதே போகங்களுக்கு அளவு செய்துகொள்ளும் விரதத்தின் இக்கால வடிவம். விடையுள்ள நிகழ்ச்சியை நன்றியோடு காண்போம்.

வேறொன்றும் உண்டு. நம் வீடுகளில் பேசாமல் ஓரமாக அமர்ந்திருக்கும் முதியோர் பலரிடம் இத்தகைய குறிப்பேடுகள் பெட்டியிலோ நெஞ்சிலோ உள்ளன. நோன்பு நாளுக்குரிய பக்குவங்கள், துறவியர்க்கு ஆகாரம் அளிக்கும்போது கொள்ள வேண்டிய தூய்மை, எந்தப் பருவத்தில் எந்தக் கீரையில் பூச்சி மிகும் என்னும் அறிவு ஆகியவை எந்த அலைவரிசையிலும் ஒளிபரப்பாகமாட்டா. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளாவிடின், அவரோடு அவையும் போய்விடும். எட்டுப் பேர் திரையைப் பார்த்திருந்த அவ்வீட்டில், கற்பிக்க வல்லவர் ஒருவர் நம் பின்னால் அமர்ந்திருந்தார். அன்றுவரை அவரிடம் எவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நாமும் கேட்டிருக்கவில்லை.

குறிப்பேட்டைப் பார்த்த அன்று பிற்பகல், மாரியூரில் வாங்கிய கருப்பட்டியைக் கொண்டு பாசிப்பருப்புப் பாயசம் வைக்கப் பேத்தி முன்வந்தாள். மூதாட்டியார் அடுப்படியில் ஒரு பலகையில் அமர்ந்து வழிகாட்டினார். கருப்பட்டியை முதலில் நீரில் கரைத்து மண்போக வடிகட்டச் சொன்னார். பருப்பு நன்றாகக் குழைந்தபின்னரே அதனைச் சேர்க்கச் சொன்னார். தேங்காய்ப்பாலை ஊற்றியபின் கொதிக்க விடக்கூடாது என்று இருமுறை எச்சரித்தார். அவள் ஒரு நொடி கைப்பேசியைப் பார்க்கத் திரும்பியபோது, "அடுப்பைப் பாரடி, அடிப்பிடிக்கும்" என்றார். முன்னாள் காலையில் பனங்காட்டில் கேட்ட அதே சொல்.

ஞாயிறு மறையுமுன் பாயசம் ஆயிற்று. அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தூக்கில் சென்றது. மற்றொரு தூக்கைப் பேத்தியே பனங்காட்டுக் குடிசைக்கு எடுத்துச் சென்றாள். வெறும் தூக்கோடு திரும்பி வந்தவளை, "என்னம்மா, யார் சாப்பிட்டாங்க?" என்று மூதாட்டியார் கேட்டார்.

"அந்தப் பாட்டியும் பேத்தியும், ஆயா. கருப்பட்டி தங்களோடதுதான்னு சொன்னதும் சிரிச்சாங்க" என்றாள் அவள்.

அச்சிரிப்பைப் படம் பிடிக்க அங்கே எவரும் இல்லை. குறிப்பேட்டில் மட்டும் அன்றைய தேதியிட்டு, பேத்தியின் கையெழுத்தில் ஒரு பக்கம் புதிதாக எழுதப்பட்டது. நம் இல்லந்தோறும் அத்தகைய ஒரு பக்கம் எழுதப்படுவதாக.